வயித்தால போற குட்டிகளும் வாய் திறக்காத ஊரும்

எங்கட ஊரில் 'பண்டி' என்பது முதலில் ஒரு ஏச்சு. குளிக்காத தம்பிக்கும், றோட்டில் குறுக்கே வெட்டிக்கொண்டு போன ஓட்டோக்காரருக்கும், கூடச் சாப்பிடுகிற சிநேகிதனுக்கும் அதுதான் பெயர். இரண்டாவதாக அது ஒரு கறி. நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் சில வீடுகளில் மிளகு தூக்கலாகப் போட்டு வைப்பார்கள். மற்ற நாட்களில் கறுத்த பையில் சுற்றி, பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் கொண்டுவருவார்கள். ஏச்சுக்கும் கறிக்கும் நடுவில் அந்த மிருகத்தை வளர்க்கிற ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களும் தங்களைப் பற்றிப் பேசுவதில்லை.

நாங்கள் பேசலாம் என்று நினைக்கிறோம். எங்களில் இரண்டு பேரின் வீடுகளில் பண்டி நிற்கிறது. இன்னும் மூன்று பேருக்கு அது பெரியம்மா வீட்டிலோ மாமா வீட்டிலோ நிற்கிறது. நாங்கள் ரியூஷனுக்குப் போன காசில் ஒரு பங்கு பண்டி விற்ற காசு. ஆனால் வகுப்பில் "அப்பா என்ன செய்யிறார்?" என்று கேட்டால் "விவசாயம்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை.

திருகோணமலையில் பண்டி வளர்ப்பு என்றால் பெரிய பண்ணை என்று கற்பனை செய்யாதீர்கள். நாட்டின் பெரிய பண்ணைகள் புத்தளம், கம்பஹா, கொழும்பு, களுத்துறை என்று மேற்குக் கரையோரமாக இருக்கின்றன. இங்கே துறைமுகத்தைச் சுற்றிய ஊர்களில் இருப்பது ஒரு வளவின் பின்பக்கம், பனையோலையோ தகரமோ அடித்த ஒரு கொட்டில், அதற்குள் ஒன்றோ இரண்டோ தாய்ப்பண்டி. கடுவன் எல்லா வீட்டிலும் இருக்காது. ஒரு வீட்டுக் கடுவனை நாலு வீட்டுக்காரர் மாறி மாறிக் கொண்டுபோவார்கள். தீன் என்று பார்த்தால் தவிடு, சீனன்குடா மா ஆலையிலிருந்து வருகிற கோதுமைத் தவிடு, மீன் வெட்டுகிற இடத்துக் கழிவு, சாப்பாட்டுக்கடையிலும் ஹோட்டலிலும் கல்யாண மண்டபத்திலும் மிஞ்சியது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் வருகிற சீசனில் வாளி நிறையும். மாரி தொடங்கினால் வாளி காயும், தீனுக்கு அலைய வேண்டும்.

தாய்ப்பண்டி சினைப்பட்டு 114 நாளில் குட்டி போடும். மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள் என்று ஆச்சி கணக்குச் சொல்லுவா. ஒரு ஈற்றில் எட்டுப் பத்துக் குட்டி. அவற்றை வளர்த்துக் கொடுத்தால் வருகிற காசு சீட்டுக் காசு மாதிரி, மொத்தமாகக் கைக்கு வரும். கூரைத் தகரம் மாற்றுவதும் ஏ/எல் ரியூஷனுக்கு முன்பணம் கட்டுவதும் அதில்தான். அதனால் ஒரு ஈற்றுக் குட்டிகள் செத்தால் அந்த வீட்டுக்கு அரை வருட வருமானம் செத்த மாதிரி.

2024 ஒக்டோபர் கடைசியில் அரசாங்கம் அதிவிசேட வர்த்தமானி ஒன்று வெளியிட்டு, நாடு முழுவதையும் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கான அபாயப் பகுதியாக அறிவித்தது. நோய் கண்ட பன்றியைக் கொண்டுபோவது, விற்பது, வெட்டுவது எல்லாம் தடை. அந்தச் செய்தி போனில் சுற்றிச் சுற்றி வந்தது. "பண்டிக்கறி சாப்பிட்டா செத்துப்போவீங்கள்" என்று யாரோ குரல்பதிவு அனுப்பினார்கள். அது தவறு. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பண்டிக்கு வந்தால் பெரும்பாலும் மரணம்தான். அதற்கு மருந்து இல்லை.

அடுத்த மாதம், மழை விடாமல் பெய்த ஒரு கிழமையில், எங்களில் ஒருத்தியின் பெரியம்மா வீட்டில் குட்டிகளுக்கு வயித்தால போகத் தொடங்கியது. பிறந்து ஐந்து நாள். மொத்தம் 11 குட்டி. முதல் நாள் இரண்டு குட்டி பால் குடித்துவிட்டுக் கக்கின. அன்றிரவே எல்லாவற்றுக்கும் மஞ்சளாக, தண்ணி மாதிரிப் போனது. அதில் தயிர்க்கட்டி மாதிரிச் செரியாத பால். அடுத்த நாள் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டு கிடந்தன. தாய்ப்பண்டியும் இரண்டு நாள் தீன் தின்னவில்லை, அதற்கும் கொஞ்சம் இளகிப் போனது, பிறகு எழும்பிவிட்டது. நாலாம் நாள் எட்டுக் குட்டி இல்லை.

"டொக்டருக்குச் சொல்லுவமே பெரியம்மா?" என்று கேட்டோம்.

"சொன்னா வந்து மிச்சத்தையும் அழிச்சுப்போடுவாங்கள் பிள்ளை. செய்தியில சொல்லுறாங்கள்தானே. பிறகு பக்கத்து வளவுக்காரருக்கு ஆர் பதில் சொல்லுறது?"

அந்த இரண்டு வசனத்துக்குள் எங்கட மாவட்டத்துப் பண்டி வளர்ப்பின் பிரச்சினை முழுவதும் இருக்கிறது. ஒன்று, அரசாங்கம் வந்தால் அழிக்கத்தான் வரும் என்ற பயம். மற்றது, அயலவருக்கு முன்னால் வருகிற கூச்சம். நோயைப் பற்றிய அறிவு இந்த இரண்டுக்கும் பிறகுதான் வருகிறது. ஆனாலும் அந்த அறிவு வேண்டும். அதனால் அந்தக் கிழமையிலிருந்து வாசித்தும், தெரிந்த கால்நடை வைத்தியர் ஒருவரிடம் போனில் கேட்டும் விளங்கிக்கொண்டதை முதலில் சொல்கிறோம்.

ஓ/எல் விஞ்ஞானப் புத்தகத்தில் சிறுகுடலின் உள்சுவரில் சடைமுளைகள் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். விரல் விரலாக நீட்டிக்கொண்டு நிற்கும், சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சுவது அவைதான். பண்டியின் குடலைத் தாக்குகிற வைரசுகள் நேராக இந்தச் சடைமுளைகளின் மேல்தோலில் போய் உட்காருகின்றன. அந்தக் கலங்கள் செத்துக் கழன்றுபோக, விரல் குட்டையாகிறது, சில இடத்தில் மொட்டையாகிறது. குட்டி பால் குடிக்கிறது, ஆனால் பால் உடம்பில் சேர்வதில்லை. செரியாமல் கிடக்கிற பால் உடம்புத் தண்ணியையும் குடலுக்குள் இழுத்துக்கொண்டு வெளியே போகிறது. ஆகவே குட்டியைக் கொல்வது தண்ணி இல்லாமற் போவதும், உப்புக் குறைவதும், குளிரும்தான்.

வளர்ந்த பண்டிக்கும் அதே வைரஸ் வரலாம். ஆனால் அதன் குடல் இரண்டு மூன்று நாளில் புதுத் தோலை வளர்த்துவிடும். பிறந்த குட்டிக்கு அதற்குப் பல நாள் எடுக்கும், அதுவரை அதன் உடம்பில் சேமிப்பு எதுவும் இல்லை. பிறக்கும்போது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட, தோலுக்கடியில் கொழுப்பும் கிடையாது. அதனால்தான் தாய் எழும்பி நிற்க, குட்டிகள் சாகின்றன.

இதில் மூன்று வைரசுகளின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ரோட்டா வைரஸ் உலகில் பண்டி இருக்கிற இடமெல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு கிழமை தாண்டிய குட்டிகளைப் பிடிக்கும், பல குட்டிகள் தப்பும். இதே குடும்பத்து வைரசுகள்தான் எங்கட சின்னப் பிள்ளைகளுக்கும் வாந்தியும் வயிற்றோட்டமும் கொண்டுவருகின்றன. இரண்டாவது, 1946 இல் அமெரிக்காவில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட தொற்றும் இரைப்பைக் குடல் அழற்சி. மூன்றாவது, 1971 இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் தெரியவந்த கொள்ளை வயிற்றோட்டம். பின்னிரண்டும் கொரோனாக் குடும்பத்து வைரசுகள், ஆனால் எங்களை வீட்டுக்குள் அடைத்து வைத்த கொரோனா வேறு, இவை வேறு. இவை மனிதருக்கு வருவதில்லை. கொள்ளை வயிற்றோட்டம் 2013 இல் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது ஒரே வருடத்தில் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட குட்டிகள் செத்தன. காசும் ஆய்வுகூடமும் லொறி கழுவுகிற வசதியும் இருந்த பண்ணைகளிலேயே அப்படி.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. குட்டிக்கு வயித்தால போவதற்கு வைரஸ் மட்டும் காரணம் இல்லை. பக்ரீரியாவாலும் போகும், குடலில் வளர்கிற ஒட்டுண்ணியாலும் போகும். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலிலும் வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் வரலாம். வெளியில் நின்று பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே கழிச்சல். வித்தியாசம் பிடிக்கச் சில கேள்விகள் உதவும். காய்ச்சல் கடுமையா? காது, வயிறு, கால் எல்லாம் செந்நீலமாகிறதா? சாவது குட்டியா, வளர்ந்ததா? பெரிய பண்டிகள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தால் அது ஆபிரிக்கக் காய்ச்சலாக இருக்கலாம், ஒரு மணித்தியாலமும் பிந்தாமல் அறிவிக்க வேண்டும். தாய் தப்பிக் குட்டி மட்டும் சாகிறதென்றால் குடல் வைரஸ் பக்கம் சந்தேகம் போகும். ஆனால் உறுதியாகச் சொல்வது ஆய்வுகூடம்தான். மாதிரி எடுத்துப் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் இருக்கிற மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

பெரியம்மா வீட்டிலிருந்து மாதிரி எதுவும் போகவில்லை. அந்த எட்டுக் குட்டிகளும் ஒரு பெயர் இல்லாமல் போய்விட்டன. இதே மாதிரிப் பெயரில்லாமல் போன குட்டிகள் எங்கட ஊர்களில் எத்தனை என்று எந்தக் கணக்கிலும் இருக்காது, ஏனென்றால் அந்தக் கொட்டில்களே எந்தக் கணக்கிலும் இல்லை.

டொக்டரைக் கூப்பிடாத வீடு வேறு எங்கே போகும்? கடைக்குப் போகும். பெரியம்மா வீட்டுக்கும் ஒரு கடையிலிருந்து ஊசி மருந்து வந்தது. என்ன வருத்தம், எத்தனை நாள் குட்டி, எத்தனை கிலோ என்று யாரும் கேட்கவில்லை. அது அன்டிபயோட்டிக். அன்டிபயோட்டிக் வைரசைத் தொடாது. கூடவே பக்ரீரியாவும் சேர்ந்திருந்தால் வைத்தியர் பார்த்துக் கொடுப்பார், அது வேறு. கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கழிச்சலுக்கும் அதையே குத்தினால் காசும் போகும், கொட்டிலில் மருந்துக்கு அடங்காத பக்ரீரியாவும் வளரும். நாளைக்கு அதே பக்ரீரியா வளர்க்கிறவரின் கைக்காயத்துக்குள் வந்தால் அவருக்கும் அதே மருந்து கேட்காது.

தப்பிய மூன்று குட்டிகளும் தப்பியது சூட்டாலும் தண்ணியாலும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். போனில் வைத்தியர் சொன்னபடி ஈர வைக்கலை அள்ளி எறிந்துவிட்டுக் காய்ந்த சாக்குப் போட்டோம். ஒரு மூலையை மறைத்து, குட்டிக்கு எட்டாத உயரத்தில் மின்குமிழ் தொங்கவிட்டோம். பிறந்த குட்டிக்கு 32 பாகை செல்சியசுக்குக் குறையாத சூடு வேண்டும். மாரிக் காற்று அடிக்கிற திறந்த கொட்டிலில் அது கிடைப்பதில்லை. கொதித்தாறிய தண்ணி ஒரு லீட்டரில் ஒரு பைக்கற் ஜீவனி கரைத்து, தட்டையான தட்டில் வைத்தோம், குடிக்காததுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினோம். பாலை நிறுத்தவில்லை. எங்கட வீட்டில் பிள்ளைக்கு வயித்தால போனால் செய்கிறதுதான். பண்டிக் குட்டிக்கும் அதைச் செய்யலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொண்டோம். மனிதப் பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயிடமிருந்து நோய் எதிர்ப்பைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு பிறக்கிறது. பண்டிக்குட்டிக்கு அது இல்லை. முதல் நாள் குடிக்கிற கடும்புப்பாலில்தான் எல்லாம் வர வேண்டும், அதற்குப் பிறகும் தாய்ப்பாலில் இருக்கிற எதிர்ப்புச் சத்து தினமும் குடலைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். ஒருமுறை குடல் வைரஸ் வந்து எழும்பிய தாயின் பாலில் அந்தச் சத்துக் கூட இருக்கும், அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு அது காவல். அதே தாய்ப்பண்டி 2025 இல் போட்ட ஈற்றில் பத்தில் ஒன்பது நின்றன. நல்ல காலம், பெரியம்மா கோபத்தில் அதை இறைச்சிக்குக் கொடுத்துவிடவில்லை. குட்டி செத்தவுடன் "ராசியில்லாதது" என்று தாயை விற்கிற வீடுகள் பல. விற்றால் காவலும் அதோடு போய்விடும்.

இனி அது எப்படி வந்தது என்ற கேள்வி. குடல் வைரஸ் மலத்தில் வெளியேறி வாய்வழியாக உள்ளே போகிறது. கால் வைக்கிற இடமெல்லாம் வழிதான். நாலு வீடு சுற்றிவருகிற கடுவன் ஒரு வழி. தராசோடு கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்குகிற வியாபாரியின் செருப்பும் வாகனமும் இன்னொரு வழி. ஒரு வீட்டு வாளி அடுத்த வீட்டுக்குப் போவது மூன்றாவது. அந்த மாதம் நாங்களே எண்ணிப் பார்த்தபோது, ஒரே கிழமையில் பெரியம்மாவின் கொட்டிலுக்கு வெளியாள் ஏழு பேர் வந்திருந்தார்கள். அதில் நாலு பேரின் வீட்டிலும் பண்டி நிற்கிறது.

வாளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் இருப்பது ஒரு துறைமுகத்தில். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஐரோப்பாவுக்குள் முதலில் வந்தது 1957 இல், லிஸ்பன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில். விமானத்தில் மிஞ்சிய சாப்பாட்டைப் பண்டிகளுக்குப் போட்டதிலிருந்து. பிறகு 2007 இல் கருங்கடற்கரையில் ஜோர்ஜியாவின் போத்தி துறைமுகம். கப்பல் சமையலறைக் கழிவு கரைக்கு வந்து பண்டிகளின் வாய்க்குப் போனதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் நம்புகிறார்கள். அங்கிருந்து ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா, 2018 இல் சீனா, 2020 இல் இந்தியாவின் அசாம், 2022 இல் கேரளாவின் வயநாடு, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகள், 2024 இல் நாங்கள். ஒரு துறைமுகத்து எச்சில் வாளி உலகத்தின் பாதியைச் சுற்றி வந்திருக்கிறது.

உப்புவெளி ஹோட்டல் ஒன்றில் காலைச் சாப்பாட்டு மேசையில் மிஞ்சுகிற பேக்கனும் சொசேஜும் எங்கிருந்து வந்தவை என்று வாளி தூக்குகிறவருக்குத் தெரியாது. அந்த வைரஸ் உப்புப் போட்ட இறைச்சியிலும் உறைந்த இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உலக விலங்கு நலன் அமைப்பு சொல்கிற அளவு, எச்சில் சாப்பாட்டை 90 பாகை செல்சியசில் 60 நிமிடம் கிளறிக் கிளறிக் காய்ச்ச வேண்டும் என்பது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவ சிரித்தா. "விறகு ஆர் தருவினம்?" என்று கேட்டா. சரியான கேள்வி. ஒரு மணித்தியாலம் எரிக்கிற விறகின் விலை அந்த வாளித் தீனின் பெறுமதிக்குக் கிட்ட வந்துவிடும். அதனால் நாங்கள் வேறொன்று முயன்றோம். வாளி எடுக்கிற இரண்டு சாப்பாட்டுக்கடைகளில் இறைச்சி எச்சிலை வேறாகவும் சோறு, பாண், மரக்கறியை வேறாகவும் போடச் சொல்லிக் கேட்டோம். ஒரு கடைக்காரர் ஏனென்று கேட்டுவிட்டு உடனே சம்மதித்தார். மற்றவர் "பண்டிக்கோ இதெல்லாம்?" என்று சொல்லிவிட்டார். அந்தக் கடை வாளியை இப்போது எடுப்பதில்லை. எடுக்கிற சோற்றையும் கொதி வர வைத்துத்தான் போடுகிறா. பிரித்து எடுத்தாலும் காய்ச்சுவதற்கு அது ஈடாகாது, ஆனால் ஆபத்துக் குறையும்.

"பண்டிக்கோ இதெல்லாம்?" என்ற கேள்விக்குத் திரும்பி வருவோம். எங்கட மாவட்டத்தில் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் வேலிக்கு வேலி இருக்கிறோம். முஸ்லிம் அயலவருக்குப் பண்டி விலக்கப்பட்டது. சைவ வீடுகளிலும் கோவில் வீதியிலும் அதை விரும்பமாட்டார்கள். அதில் நாங்கள் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மணல் நிலத்தில் கிணறுகள் ஆழமில்லை, கொட்டிலின் கழிவுநீர் பக்கத்துக் கிணற்றுக்கு ஊறினால் கோபப்பட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் வளர்க்கிறவர் ஒளித்து வளர்த்தால் கழிவுநீருக்குக் குழி வெட்டமாட்டார், ஏனென்றால் குழி வெட்டினால் தெரியும். செத்த குட்டியைப் பகலில் புதைக்கமாட்டார். இரவில் சாக்கில் கட்டிப் பற்றைக்குள்ளோ களப்பிலோ போட்டுவிடுவார். 2019 இல் பிலிப்பைன்சில் மரிக்கினா ஆற்றில் பண்டிச் சடலங்கள் மிதந்து வந்தது இப்படித்தான். இங்கே பற்றைக்குள் எறிந்தால் நாய் இழுக்கும், காட்டுப்பண்டி தின்னும். கந்தளாய், வெருகல் பக்கத்துக் காட்டுப்பண்டிக்கு ஆபிரிக்கக் காய்ச்சல் பிடித்தால் அதற்குப் பிறகு எந்த வர்த்தமானியாலும் அதை நிறுத்த முடியாது.

இன்னொன்றும் ஒளிவில் நடக்கிறது. வருத்தம் தெரிந்தவுடன் மிச்சப் பண்டிகளை அரை விலைக்கு விற்றுவிடுவது. வாங்கினவர் அதை அடுத்த ஊருக்கு ஏற்றுவார். நோய் ஊர் விட்டு ஊர் போவதற்கு இதைவிட வேகமான வாகனம் இல்லை. விற்கிறவரைத் திட்டுவதால் இது நிற்காது. அறிவித்தால் தனக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் அறிவிக்கச் சொல்கிறது, அசைக்காதே என்கிறது. வயநாட்டில் 2022 இல் கொல்லப்பட்ட பண்டிகளுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. அதைப் பார்த்த அடுத்த வீட்டுக்காரர் தானாக வந்து சொல்ல ஒரு காரணம் இருந்தது. இரண்டு பண்டி வைத்திருக்கிற எங்கட பெரியம்மாவுக்கு இழப்பீடு உண்டா, எவ்வளவு, எத்தனை நாளில், பதியாத கொட்டிலுக்கும் கிடைக்குமா? இந்த நாலு கேள்விக்கும் தமிழில், ஒரு பக்கத்தில், கிராம சேவகர் அலுவலகச் சுவரில் பதில் ஒட்டியிருக்க வேண்டும். கிழக்கு மாகாணத்துக் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் தலைமை அலுவலகம் இதே திருகோணமலையில்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் கோரிக்கை அதிக தூரம் போக வேண்டியதில்லை.

பதிவு செய்வதற்குப் பயப்படுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பதிந்தால் முறைப்பாடு வரும், பி.எச்.ஐ. வருவார், கொட்டிலை உடைக்கச் சொல்வார் என்று பயம். சில இடத்தில் கொட்டில் உண்மையிலேயே கிணற்றுக்குக் கிட்டத்தான் இருக்கிறது, நகர்த்தத்தான் வேண்டும். ஆனால் கால்நடை அலுவலகத்தில் பெயர் இருந்தால் ஆலோசனை வரும், நோய்க்காலத்தில் முதல் அழைப்பு வரும், மாதிரி எடுக்க ஆள் வரும். பெரியம்மா நாலு மாதம் யோசித்துவிட்டு 2025 இல் பதிந்தா. வந்த உத்தியோகத்தர் கழிவுக் குழியை வேலியிலிருந்து தள்ளி வெட்டச் சொன்னார். பெரியப்பாவும் நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெட்டினோம். பக்கத்து வளவு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதை அப்பவே செய்திருக்கலாமே" என்றார். அவருக்கு இவ்வளவு காலமும் எல்லாம் தெரிந்திருக்கிறது. மணம் வேலியில் நிற்காதுதானே.

இப்போது எங்களுக்குத் தெரிந்த ஒன்பது வீடுகளில் ஒரு அப்பியாசக் கொப்பி தொங்குகிறது. குட்டி போட்ட திகதி, எத்தனை, எத்தனை செத்தது, எந்த வயதில், தாய்க்கு என்ன, அந்தக் கிழமை யார் வந்தார்கள். இவ்வளவுதான் எழுத வேண்டும். கொட்டிலுக்கென்று ஒரு சோடி செருப்பு, அது வெளியே போகாது, வெளிச் செருப்பு உள்ளே வராது. கொட்டிலைச் சவர்க்காரத் தண்ணியால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கிணற்றுக்குப் போடுகிற ரி.சி.எல். தூளைக் கரைத்து ஊற்றுவது. ஊத்தைக்கு மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது. பிறகு வெயிலில் காய விடுவது. கடுவனைக் கொண்டுவருவதற்கு முதல் அந்த வீட்டில் கடைசி இரண்டு கிழமை யாருக்கும் வயித்தால போனதா என்று கேட்பது. கேட்பதற்கு முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ பண்டி நிற்கலாம். மூதூரிலோ மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ எங்கேயும் இருக்கலாம். அடுத்த மாரி தொடங்க முதல் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தின் இலக்கத்தை எடுத்துக் கொட்டில் தூணில் எழுதுங்கள். நாலு பைக்கற் ஜீவனி வாங்கி வையுங்கள். குட்டி செத்தால் இரவில் எறியாமல், பகலில் ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், அதற்கு முதல் டொக்டருக்கு ஒரு கோல் எடுங்கள். யாராவது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டால், பண்டிக்குட்டி செத்துப்போச்சு எண்டு சொல்லுங்கோ.